தீ வைத்தவர்களா காட்டை அழித்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கோடைக்காலக் காட்டுத்தீ பற்றி எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்ததை இன்றைய வனப் பாதுகாப்பு எப்படி எடுத்துக்கொள்வது, எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சோளகர் பழங்குடிப் பெரியவர் ஒருவர், "நாங்க தீ வெச்ச காலத்துல காடு தெறந்து கெடந்துச்சு, தீயை நிறுத்தினாங்க, முள்ளு வந்து அடைச்சுக்கிச்சு" என்கிறார். வனத்துறையோ காட்டுக்கு முதல் எதிரியே தீதான் என்கிறது. யார் சொல்வது சரி? – வாசகர், தாளவாடி

இருவரும் ஒரே தீயைப் பற்றிப் பேசவில்லை, குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. வனத்துறை பயப்படுவது மார்ச், ஏப்ரலில் காடு காய்ந்து கிடக்கும்போது பிடிக்கிற தீ. பெரியவர் சொல்வது ஜனவரி, பிப்ரவரியில், கோடை முற்றுவதற்கு முன்னால் வைக்கிற தீ. உங்கள் ஊரிலிருந்து வடகிழக்கே, கர்நாடகத்தில் இருக்கிற பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர்கள் அதைத் 'தரகு பெங்கி' என்பார்கள், அதாவது சருகுத் தீ. அந்த மாதங்களில் ராத்திரிப் பனியின் ஈரம் மண்ணில் இருக்கும், புல் பாதிதான் காய்ந்திருக்கும், மரத்தடியில் ஒரு வருஷத்துச் சருகுதான் கிடக்கும். தீ தரையோடு தரையாக ஊர்ந்து சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுவிட்டு ஈரம் உள்ள இடம் வந்ததும் தானே அணைந்துவிடும். தடித்த பட்டை உள்ள பெரிய மரத்துக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. காடு முழுக்க ஒரே நாளில் எரிவதும் கிடையாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று எரிந்ததால், எரிந்த திட்டுகள் பின்னால் வருகிற தீக்குத் தடுப்பாகவும் நின்றன.

எதற்காக வைத்தார்கள் என்று கேட்டால் அவர்கள் சொல்கிற காரணங்கள் பல. நடக்கிற தடம் தெளிவாக இருந்தால் யானையும் கரடியும் தூரத்திலேயே கண்ணில் படும். எரிந்த இடத்தில் முளைக்கும் இளம்புல்லுக்கு மானும் காட்டெருதும் வரும். உண்ணித் தொல்லை குறையும். நெல்லி, கடுக்காய் பொறுக்கப் போகிறவர்களுக்குத் தரை தெரியும். இன்னொரு காரணம் மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவி, அதற்குக் கீழே தனியாக வருகிறேன், ஏனென்றால் அதில் விஷயம் இருக்கிறது.

1974-இல் அந்த மலை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேட்டை நின்றது, காடு மாற்றிச் செய்கிற விவசாயம் நின்றது, மக்கள் 'போடு' எனப்படும் குடியிருப்புகளில் ஓரிடமாகத் தங்க வைக்கப்பட்டார்கள், தீ வைப்பது குற்றமானது. பெரியவர் 'முள்ளு' என்கிற உண்ணிச்செடி (லண்டானா) அதற்கு முன்பே அங்கே இருந்ததுதான். மத்திய அமெரிக்க, தென்னமெரிக்கப் பூச்செடி அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது காட்டை மூடிய வேகம் பின்னால்தான் தெரிந்தது. அந்த மலையில் 1997-இல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, பார்த்த இடங்களில் பத்துக்கு நான்கில் உண்ணிச்செடி இருந்தது. 2008-இல் அதே இடங்களைத் திரும்பப் பார்த்தபோது பத்துக்கு எட்டில் இருந்தது. பதினோரே ஆண்டுகள். இடையில் மற்ற செடிகளின் கன்றுகள் குறைந்துபோயின.

தீயை நிறுத்தியது மட்டும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு காட்டில் எத்தனையோ ஒரே சமயத்தில் நடக்கிறது. மழை மாறுகிறது, மரம் வெட்டிய பழைய காயங்கள் இருக்கின்றன, பறவைகள் உண்ணிப்பழத்தைத் தின்று விதையை எங்கும் போடுகின்றன. ஆனால் ஒன்றை நிச்சயமாகச் சொல்வேன். அந்தச் செடி பரவுவதை முதலில் கவனித்தவர்கள் தினமும் அதன் நடுவே நடந்தவர்கள். ஏன் பரவுகிறது என்பதற்கு அவர்களிடம் ஒரு விளக்கமும் இருந்தது. பல ஆண்டுகள் யாரும் அதைக் கேட்கவில்லை, இதுதான் என் வருத்தம்.

அப்படியென்றால் இப்போதே காட்டுக்குப் பழையபடி தீ வைக்க விட்டுவிடலாமே? – வாசகர், மேட்டுப்பாளையம்

வேண்டாம். தயவுசெய்து யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். காப்புக்காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய காரணம் காடு மாறிவிட்டது என்பது. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளர்ந்து மரத்தின் மேலும் தொற்றி ஏறும். அப்படி அடைத்த இடத்தில் தீ பிடித்தால் தரையில் ஊராது. செடி வழியாகவே ஏறி மரத்தின் தலைக்குப் போய்விடும். பச்சையாக இருக்கும்போதும் நன்றாக எரிகிற செடி அது. எரிந்து முடிந்த பிறகு மற்ற கன்றுகள் செத்துப்போயிருக்கும், உண்ணிச்செடி மட்டும் அடித்தூரிலிருந்து திரும்பத் துளிர்த்துவிடும். தீ உண்ணிச்செடியைப் பரப்புகிறது, உண்ணிச்செடி அடுத்த தீயைப் பெரிதாக்குகிறது என்று சில ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான்.

சோளகர் சொல்வதற்கு இது முரண் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. செடி கன்றாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த காலத்தில் வருஷா வருஷம் வந்த சின்னத் தீ அதை அடக்கி வைத்தது என்பது அவர்கள் சொல்வது. அடைத்துக்கொண்ட பிறகு வருகிற பெருந்தீ அதை வளர்க்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்வது. நடுவே நாற்பது ஆண்டுகள் போய்விட்டன.

ஆகவே முதலில் செடியை எடுக்க வேண்டும். அதிலும் விஷயம் தெரியாமல் அரிவாளால் வெட்டிப் போட்டால் முன்னைவிட அடர்த்தியாக வரும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவரோடு வேலை செய்தவர்களும் பரவலாக்கிய முறை ஒன்று உண்டு: தண்டை விட்டுவிட்டு மண்ணுக்குச் சற்றுக் கீழே, துளிர் விடுகிற கழுத்துப் பகுதிக்கும் அடியில் ஆணிவேரை வெட்டுவது. வெட்டிய புதரை அப்படியே தூக்கித் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்க வைப்பது. தண்டு மண்ணைத் தொடாவிட்டால் புது வேர் பிடிக்காது. பிறகு முதல் மழை முடிந்ததும் வந்து, பறவைகள் உட்காரும் மரத்தடியில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். ஒரு தடவை செய்து விட்டுவிடுகிற வேலை இல்லை இது. அகற்றிய இடத்தில் உள்ளூர்ப் புல் வரவேண்டும், அதன் பிறகுதான் சிறு தீயைப் பற்றி, வனத்துறையும் மலைமக்களும் சேர்ந்து, ஒரு சின்ன இடத்தில், சரியான மாதத்தில் சோதித்துப் பார்க்கலாமா என்ற பேச்சே வர வேண்டும்.

புல் மலையில் தீ எப்படி ஓடும் என்று சந்தேகம் இருந்தால் 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பாருங்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தச் சரிவில் தீ எப்படிப் போகும் என்று தெரிந்தவர்கள் கையில் இருக்க வேண்டிய பொருள் அது. அப்படித் தெரிந்தவர்களில் பலர் வயதாகி இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அந்தத் தீயைக் கண்ணால் பார்த்ததே இல்லை. செய்யாத வேலை கைவிட்டுப் போய்விடும். தடை போட்டபோது அதையும் சேர்த்துத்தான் இழந்தோம்.

புல்லுருவிக்கும் நெல்லிக்கும் தீக்கும் என்ன தொடர்பு? கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன், பாடத்தில் இப்படி எதுவும் இல்லை. – மாணவி, கோபிசெட்டிபாளையம்

நல்ல கேள்வி. காட்டு நெல்லிக்காய் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்களுக்கு முக்கியமான வருமானம். தேன், கல்பாசி, சீயக்காய் எல்லாம் உண்டு என்றாலும் நெல்லி பெரிது. அந்த நெல்லி மரங்களில் புல்லுருவி அதிகமாகிக்கொண்டே போனது, மரங்கள் காய்ப்பது குறைந்தது, சில மரங்கள் பட்டும்போயின. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சட்டென்று தோன்றுகிற விடை, 'இவர்கள் அதிகமாகப் பறிக்கிறார்கள், அதனால்தான் நெல்லி அழிகிறது' என்பது. காய் எல்லாவற்றையும் பறித்தால் விதை எங்கே, கன்று எங்கே என்று கேட்பதும் நியாயமான கேள்விதான்.

பறிக்கிறவர்கள் சொன்ன விடை வேறு. முன்பு சருகுத் தீ வந்தபோது அந்தச் சூடும் புகையும் புல்லுருவியைக் கட்டுக்குள் வைத்தன, தீ நின்றது, புல்லுருவி மண்டியது என்றார்கள். புல்லுருவியை அவர்கள் 'உப்பிலு' என்பார்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நெல்லியை வைத்தே சோளகரின் அறிவையும் சூழலியல் கணக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. தீக்கும் புல்லுருவிக்கும் உள்ள இந்தத் தொடர்பு, ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு புது விளக்கமாக அங்கிருந்துதான் அவர்களுக்குக் கிடைத்தது. மரத்தை வெறுமனே எண்ணிக்கொண்டிருந்தால் அது தோன்ற எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

நீங்கள் தாவரவியல் மாணவி என்பதால் கொஞ்சம் கூட. புல்லுருவி முழு ஒட்டுண்ணி இல்லை. அதற்குப் பச்சை இலை உண்டு, உணவைத் தானே சமைத்துக்கொள்ளும், தண்ணீரையும் உப்புகளையும் மட்டும் மரத்திடமிருந்து உறிஞ்சும். பூக்கொத்திப் பறவைகள் அதன் பழத்தைத் தின்னும்போது விதையைச் சுற்றி ஒரு பசை இருக்கும். எச்சத்தோடு வந்தாலும் அது விழாது, பறவை கிளையில் தேய்த்துத்தான் விடுவிக்க வேண்டும். தேய்த்த இடத்திலேயே விதை ஒட்டி முளைத்துவிடும். ஆகையால் நெல்லி மரம் ஒவ்வொன்றையும் யாராவது நேரில் பார்த்து, புல்லுருவி பிடித்த கிளையைக் கழித்துவிட்டால்தான் பரவல் குறையும். யார் பார்ப்பார்கள்? காய் பறிக்க மரத்தடிக்கு வருகிறவர்தான் பார்ப்பார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தத்தைக் காட்டி, 2006 வாக்கில் அங்கே விற்பனைக்குக் காய் பறிப்பதும் தடுக்கப்பட்டது. மரத்தைக் காப்பாற்றத்தான் அந்தத் தடை. ஆனால் மரத்தடிக்குப் போகிற கால்களும் அதோடு நின்றுபோயின.

கல்லூரித் திட்டக் கட்டுரைக்கு இதை எடுக்கலாம் என்று தோன்றினால் எடுங்கள். புல்லுருவி பிடித்த மரம், பிடிக்காத மரம், காய்ப்பு, கன்று, அவ்வளவையும் எண்ணலாம். உங்கள் பக்கத்து மலையிலும் நெல்லி இருக்கிறது.

காட்டுக்குள் மாடு மேய்ந்தால் காடு நாசமாகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதில் எந்தப் 'பாரம்பரிய அறிவு' இருக்கிறது? – வாசகர், ஈரோடு

கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள், பதில் நேராகச் சொல்கிறேன். அளவு மீறி மேய்ந்தால் நாசமாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேய்ச்சலை நிறுத்தினாலே இயற்கை தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி ஏமாந்த கதை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

ராஜஸ்தானில் பரத்பூர், கேவலாதேவ் பறவைகள் காப்பகம். சுமார் 29 சதுர கிலோமீட்டர். மன்னர் காலத்தில் அணைகட்டித் தண்ணீர் தேக்கிய, மனிதர் உருவாக்கிய ஈரநிலம் அது. சுற்றுக் கிராமத்து எருமைகள் காலங்காலமாக அங்கே மேய்ந்தன. தேசியப் பூங்கா ஆக்கிய கையோடு 1982-இல் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. மேய்ச்சல் கூடாது என்று சொன்னவர்கள் பறவைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள், சலீம் அலி உட்பட. அப்புறம் என்ன நடந்தது? எருமை போனதும் தண்ணீரில் படரும் ஒரு வகைப் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து திறந்த நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கும் மற்ற நீர்ப்பறவைகளுக்கும் இறங்கி இரை தேட இடம் குறைந்தது. 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், அதே சலீம் அலியின் அமைப்பு, வி.எஸ். விஜயன் தலைமையில் அங்கே சுமார் பத்தாண்டுகள் ஆய்வு செய்து, எருமை மேய்ச்சல் அந்த ஈரநிலத்துக்குத் தேவையாக இருந்தது என்ற முடிவுக்கு வந்தது. தங்கள் நிலைப்பாட்டுக்கு எதிரான முடிவை மறைக்காமல் எழுதினார்கள், அதற்காக அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் துப்பாக்கிச்சூட்டில் போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

இதை அப்படியே தூக்கிவந்து நம் மலைக்குப் பொருத்தக் கூடாது. ஈரநிலம் வேறு, வறண்ட இலையுதிர் காடு வேறு. ஆனால் உங்கள் மாவட்டத்திலேயே இதே கேள்வி இப்போது உயிரோடு இருக்கிறது. பர்கூர் மலையில் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும் மலைமாட்டைப் பார்த்திருப்பீர்கள். அது கட்டிப்போட்டுத் தீவனம் வைத்து வளர்க்கிற இனம் இல்லை. காட்டுக்குள் பட்டி போட்டு, மேய்த்தே வளர்த்த இனம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. முதலில் எல்லா வனப்பகுதிக்கும் என்று வந்த உத்தரவு, சில நாட்களிலேயே தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. 2024 ஜனவரியில் அந்த மலைக்காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆனது, சுமார் 805 சதுர கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்த்தால் பட்டிக்காரர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று புரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். தடை போடுவதற்கு முன்னால், எந்தப் பட்டி எந்த மாதம் எந்த ஓடையோரம் இருக்கும், மேய்ந்த இடத்தில் புல் எப்படி, மேயாத இடத்தில் உண்ணிச்செடி எப்படி என்று, மேய்க்கிறவரையும் கூட வைத்துக்கொண்டு சில ஆண்டு கணக்கெடுங்கள். மாட்டு நோய் காட்டெருதுக்குத் தொற்றுகிறதா என்றும் பாருங்கள், அந்தப் பயம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. கெடுதல்தான் அதிகம் என்று வந்தால் மேய்க்கிறவரிடமே அந்தக் கணக்கைக் காட்டிப் பேசலாம். பரத்பூரில் தடை முதலில் வந்தது, ஆய்வின் முடிவு பின்னால் வந்தது.

நீலகிரியில் சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை வெட்டுகிறார்களாம். மரத்தை வெட்டுவது எப்படிச் சூழல் பாதுகாப்பு ஆகும்? – வாசகி, கோத்தகிரி

அவை இருக்கிற இடம் புல்வெளி என்பதால். நீலகிரியின் மேல்மலையில் பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல், இதுதான் அதன் இயல்பு. தோடர்கள் அந்தப் புல்வெளியில் எருமை மேய்த்தார்கள், புல் புதிதாகத் துளிர்க்கத் தீயும் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயருக்கு மரம் இல்லாத நிலம் வீண் நிலமாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதே கணக்கில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயானுக்கும் என்று நட்டுக்கொண்டே போனோம். சீகை விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, மண்ணைக் கிளறினாலோ தீ பட்டாலோ கூட்டமாக முளைக்கும். இன்று வரையாட்டுக்குப் புல் வேண்டும் என்று தேடும்போதுதான் எவ்வளவு போய்விட்டது என்பது தெரிகிறது.

வெட்டினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல்லை நட்டு, முளைக்கும் சீகைக் கன்றை ஆண்டுக்கணக்கில் பிடுங்க ஆள் வேண்டும். எந்தப் புல் எந்த ஈரத்தில் நிற்கும் என்று தோடர் ஊர்களான மந்துகளில் இன்னும் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். தோடர்கள் கோயில் கூரை வேய ஒரு குறிப்பிட்ட புல்லைத் தேடிப் போவார்கள், இப்போது அதற்காக அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. புல்வெளியை மீட்டு எடுத்தோமா இல்லையா என்று பார்க்க அந்தப் புல் திரும்பி வந்ததா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பழங்குடி அறிவு என்றாலே எல்லாம் சரி என்று சொல்வது ஆபத்து இல்லையா? பாம்பு பால் குடிக்கும் என்பதும் பழைய 'அறிவு'தான். – வாசகர், செங்கல்பட்டு

ஆபத்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாம்பு பால் குடிக்கும் என்று சொல்பவர் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் பாம்பைக் கண்டால் ஓடுகிற நம்மைப் போன்றவர். பாம்போடு வேலை செய்கிற ஆளிடம் கேட்டால் வேறு பேச்சு வரும். நான் பார்ப்பது இதைத்தான்: சொல்கிறவர் அதைச் செய்தவரா, செய்தது தவறினால் நஷ்டம் அவருக்கு வருமா? தீ தப்பிப் போனால் எரிவது தன் வீடு என்று தெரிந்தவர் சொல்லும் தேதிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

உங்கள் மாவட்டத்து இருளர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால் நின்றபோது அவர்கள் பிழைப்பும் நின்றது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் வடநெம்மேலியில் கூட்டுறவு சங்கம் தொடங்கி, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் வேலைக்கு மாறினார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகும் விஷத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டில் பர்மிய மலைப்பாம்பு வந்தேறியாகப் பெருகி, முயல், ரக்கூன் என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பாம்புகள் இருந்தும் பார்ப்பதே அரிது, அவ்வளவு நன்றாக மறையும். இவர்கள் இருவரும் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்தார்கள். சாலையோரம் வண்டியில் போய்த் தேடும் வழக்கத்தை விட்டுப் புதருக்குள் நடந்தார்கள், எச்சத்தையும் புல் மடங்கியிருந்த விதத்தையும் பார்த்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

புளோரிடா காடு அவர்களுக்குப் புதிது, அங்கே எந்தச் செடி என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. கூட வந்தது தடம் பார்க்கிற பழக்கம். ஆகவே 'பழைய அறிவு' என்றால் பாட்டி சொன்ன வாக்கியங்களின் பட்டியல் என்று நினைக்க வேண்டாம். அதில் சோதித்துத் தள்ள வேண்டியது இருக்கும், தள்ளுங்கள். விஞ்ஞானிகள் சொன்னதிலும் தள்ள வேண்டியது இருந்ததை மேலே பரத்பூரில் பார்த்தோம்.

நான் சோளகர் இளைஞன். டிகிரி முடித்திருக்கிறேன். தாத்தாவுக்குத் தெரிந்ததை எழுதி வைக்க ஆசை, எங்கே தொடங்குவது? – வாசகர், கடம்பூர் மலை

தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்த இதழ் முழுவதையும் கொடுக்கலாம்.

வீட்டில் உட்கார வைத்துக் கேட்காதே. காட்டுக்குள் போகலாம் என்று அனுமதி உள்ள பாதையில் அவரோடு நட. இடம் வந்தால்தான் நினைவு வரும். அதே பாதையில் ஜனவரியில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை, மழை விட்டதும் ஒரு தடவை போ. போனில் குரலைப் பதிவு செய், உங்கள் பேச்சிலேயே இருக்கட்டும், தமிழாக்க அவசரப்படாதே. ஒவ்வொரு விஷயத்துக்கும் 'நீங்க பண்ணினதா, கேள்விப்பட்டதா' என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள். பாட்டியை விட்டுவிடாதே, கிழங்கும் கீரையும் அவரிடம்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் வெளியிட வேண்டியதில்லை. மருந்துச் செடி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இணையத்தில் போட்டால் அடுத்த மாதம் அங்கே செடி இருக்காது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று உங்கள் ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும், உங்கள் ஊராட்சியில் அதைக் கேட்டு வாங்கிப் பார். சும்மா மரப்பெயர்ப் பட்டியலாக இருந்தால் திருத்தச் சொல்.

எழுதி வைப்பதோடு உரிமையையும் பார்க்க வேண்டும். 2006-இன் வன உரிமைச் சட்டத்தில் தனி ஆளுக்குப் பட்டா மட்டும் இல்லை, சமூக வன உரிமை என்று ஒன்று இருக்கிறது. காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருவது அது. 2011-இல் பிலிகிரி ரங்கன் மலை புலிகள் காப்பகம் ஆனது, அதே ஆண்டில்தான் அங்கே சோளகர்களுக்குச் சமூக உரிமையும் அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பல ஆண்டுகள் நின்றுபோன வேலை 2016-க்குப் பிறகுதான் நகர்ந்தது. அந்த மலையில் உறவுக்காரர்கள் இருப்பார்கள் அல்லவா, ஒரு நடை போய் அவர்கள் எப்படி மனு எழுதினார்கள், எல்லையை எப்படி வரைந்தார்கள் என்று கேட்டுவிட்டு வா. தாத்தா சொல்லும் ஓடை, பாறை, தேன்மரம், தெய்வம் இருக்கும் இடம் எல்லாம் அந்த வரைபடத்தில் ஏற வேண்டியவை, அதனால் பதிவு செய்யும்போதே இடத்தின் பெயரைத் தவறாமல் கேட்டு எழுது.